ஈரலும் இரும்பும்



சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் முடிந்து அனைவரும் கலைந்து சென்ற பிறகு, மாணவன் ஒருவனுடைய தாத்தா மட்டும் வகுப்பறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டி, "வாத்தியாரையா, இதிலே என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

அது மருத்துவமனையில் எடுத்த பரிசோதனை முடிவு. ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்பது ஒரு வரி. இரத்தத்தில் ஃபெரிட்டின் 640 என்பது மற்றொரு வரி. ஃபெரிட்டின் என்பது உடலில் உள்ள இரும்புச்சத்தின் சேமிப்பைக் காட்டும் அளவு என்று நாம் சொன்னோம். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் ஒரு நாள்கூடக் கள்ளுக்கடைப் படி ஏறினதில்லீங்க. ஈரல் கெட்டுப்போச்சுன்னா சனம் என்னங்க நெனைக்கும்?" என்று கேட்டார்.

அடுத்த சில நாள்களில் இச்செய்தி எப்படியோ பரவிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர், "இரும்பு அறுநூறுக்கு மேலேயா? அப்படின்னா உடம்பு இரும்பாட்டம் இருக்குன்னுதானே அர்த்தம்!" என்று மெச்சிக்கொண்டார். மருமகளோ பயந்துபோய், மாமனாருக்கு முருங்கைக்கீரை சமைப்பதை நிறுத்திவிட்டார். வேறு சிலர், "மறைவாகக் குடித்திருப்பார்" என்று பேசிக்கொண்டனர். அப்பேச்சு காதில் விழுந்தபின் அந்தப் பெரியவர் கோயில் கமிட்டிக் கூட்டத்திற்கு வருவதையே விட்டுவிட்டார்.

நேயர்களே, நாம் மருத்துவர் அல்லர், ஆசிரியர். ஆயினும், மக்களின் எண்ணங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் பார்ப்பது ஆசிரியர் தொழிலில் ஒரு பகுதி. மெச்சியவர், பயந்தவர், பழித்தவர் ஆகிய எவருமே வேண்டுமென்று பிழை செய்யவில்லை. ஒரு காலத்தில் உண்மையாக இருந்த எண்ணங்கள்தாம் அவை. இன்று அவை எப்படிப் போதாமல் போயின என்பதை வரலாற்று வழியில் காண்போம்.

முதலில் இரும்பை எடுத்துக்கொள்வோம். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் இருக்கும் இரும்பு மொத்தம் 3 முதல் 4 கிராம் வரைதான். ஒரு சிறிய ஆணியின் எடை. அதில் பெரும்பகுதி இரத்தத்தின் செவ்வணுக்களில் இருக்கிறது. எஞ்சியதை உடல் சேமித்து வைக்கிறது. அச்சேமிப்பின் தலைமைக் களஞ்சியம் ஈரல். நாள் முழுதும் உண்ணும் உணவிலிருந்து உடல் ஈர்த்துக்கொள்ளும் இரும்பு 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே.

நம் முன்னோர் இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்த காலத்தில் இந்தச் சிறு வரவையும் கொள்ளையடிக்க இரண்டு எதிரிகள் காத்திருந்தன. ஒன்று மலேரியாக் காய்ச்சல். அது செவ்வணுக்களை உடைத்தது. 1901ஆம் ஆண்டு கிள்ளானில் மருத்துவ அதிகாரியாகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி அக்காய்ச்சலை அடக்கிய வரலாற்றைப் பலர் அறிவார்கள். மற்றொன்று கொக்கிப்புழு. அது ஓசையில்லாத எதிரி. கால்களில் செருப்பின்றி ஈரமண்ணில் நடப்பவர்களின் தோலைத் துளைத்துப் புகுந்து, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். 1915 முதல் 1917 வரை, அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனம் அனுப்பிய குழு ஒன்று, சாமுவேல் டார்லிங் என்ற மருத்துவரின் தலைமையில் மலாயா, ஜாவா, ஃபிஜி ஆகிய நாடுகளில் இப்புழுவை ஆராய்ந்தது. அக்குழுவின் அறிக்கை 1920இல் வெளியாயிற்று.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவ்வட்டாரத்தில் மிகுதியாகக் காணப்பட்ட வகைக் கொக்கிப்புழு ஒன்று, நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தைக் குடிக்கும். நூறு புழுக்கள் இருந்தால் 3 மில்லிலிட்டர். அந்த இரத்தத்தோடு போகும் இரும்பு ஏறக்குறைய ஒன்றரை மில்லிகிராம். அதாவது, அன்றைய உணவிலிருந்து கிடைத்த வரவு முழுவதும் அன்றே பறிபோயிற்று. பிள்ளைப்பேறு பல கண்ட தாய்மாரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ! வெளுத்த நாக்கு, வீங்கிய பாதம், மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குதல் ஆகியவை லயத்துக்கு லயம் காணப்பட்டன. தோட்டத்து டிரசரையா கொடுத்த இரும்பு மருந்தும் வீட்டில் சமைத்த முருங்கைக்கீரையும் நம்மவருக்கு உற்ற துணையாயின.

இரும்பு எவ்வளவு கூடினாலும் நல்லதே என்று நம் மக்கள் மனத்தில் பதிந்தது இக்காலத்தில்தான். அந்நாளில் அது தவறும் அன்று. பெரியவரை மெச்சிய பக்கத்து வீட்டுக்காரர் பேசியது தம் பாட்டியின் காலத்துப் பேச்சு.

அடுத்து, ஈரல் நோய் என்றாலே குடி என்ற எண்ணத்தைக் காண்போம். 1836ஆம் ஆண்டு லண்டனில் தாமஸ் அடிசன் என்ற மருத்துவர், குடிப்பழக்கம் உடையவர்களின் ஈரலில் கொழுப்பு மண்டிக் கிடப்பதை எடுத்து எழுதினார். அதற்குப் பின் நூறாண்டுகளுக்கும் மேலாக, ஈரல் கெட்டவரைக் கண்டால் எவ்வளவு குடித்தாய் என்றுதான் மருத்துவ உலகம் முதலில் கேட்டது. நம் தோட்டங்களிலோ இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. கள்ளுக்கடையும் சம்சுவும் எத்தனை குடும்பங்களை அழித்தன என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். குடி ஈரலைக் கெடுக்கும் என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. ஆனால் ஈரல் கெட்டவரெல்லாம் குடித்தவரே என்பது உண்மையன்று.

இதை மருத்துவ உலகம் தெளிவாக உணர்ந்தது 1980இல்தான். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் யுர்கன் லுட்விக் என்ற அறிஞரும் அவருடைய துணைவர்களும் 20 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுடைய ஈரல் துணுக்குகளை உருப்பெருக்கியில் பார்த்தால் குடிகாரருடைய ஈரல் போலவே இருந்தது. கொழுப்பும் இருந்தது, அழற்சியும் இருந்தது. ஆனால் அவர்கள் குடிப்பவர்கள் அல்லர். பெரும்பாலோர் உடற்பருமன் உள்ளவர்கள். நீரிழிவு உள்ளவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். அதுவரை தனிப்பெயர் இல்லாத அந்நோய்க்கு அவர்கள் ஒரு பெயர் சூட்டினார்கள். குடிக்காதவரின் கொழுப்பு ஈரல் அழற்சி என்பது அதன் பொருள்.

குடியாமலே ஈரலில் கொழுப்பு எவ்வாறு சேர்கிறது? இதற்கு விடை காண நீரிழிவின் வரலாற்றுக்குள் நாம் சற்று நுழைய வேண்டும். கணையம் என்ற உறுப்பு சுரக்கும் இன்சுலினை 1921, 1922ஆம் ஆண்டுகளில் கனடா நாட்டின் டொரொண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட், கோலிப், மெக்லியோட் ஆகியோர் பிரித்தெடுத்து நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். இன்சுலின் குறைவதால்தான் நீரிழிவு வருகிறது என்று உலகம் முடிவு கட்டியது. ஆனால் 1936இல் லண்டன் மருத்துவர் ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த், நீரிழிவு நோயாளிகளில் இரு வகையினர் உண்டு என்று காட்டினார். ஒரு வகையினர் உடலில் இன்சுலினைச் செலுத்தினால் சர்க்கரை உடனே இறங்குகிறது. மற்ற வகையினர் உடல் அதற்கு எளிதில் பணிவதில்லை. 1960இல் நியூயார்க்கில் ரோசலின் யாலோ அம்மையாரும் சாலமன் பெர்சனும், இரத்தத்தில் உள்ள இன்சுலினை நுட்பமாக அளக்கும் முறையை வெளியிட்டு, நடுவயதில் நீரிழிவு கண்ட பலருக்கு இன்சுலின் குறையவில்லை, கூடியே இருக்கிறது என்று மெய்ப்பித்தார்கள். யாலோ அம்மையார் 1977இல் நோபெல் பரிசு பெற்றார்.

இன்சுலின் இருந்தும் உடல் அதற்குப் பணியாத இந்நிலையைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். பெரட்டுக் களத்தில் நிற்கும் கங்காணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் காது மந்தமாகிவிட்டால், அவர் குரலை உயர்த்துவார். கத்தக் கத்தக் காது மேலும் மந்தமாகும். அவ்வாறே உடலின் தசைகளும் ஈரலும் இன்சுலினின் கட்டளைக்குச் செவிசாய்க்காதபோது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இதில் ஒரு விந்தை உண்டு. சர்க்கரை செய்வதை நிறுத்து என்ற கட்டளை ஈரலின் காதில் ஏறுவதில்லை. கொழுப்பைச் செய் என்ற கட்டளை மட்டும் நன்றாக ஏறுகிறது. ஆகவே இரத்தத்தில் சர்க்கரையும் கூடுகிறது, ஈரலில் கொழுப்பும் கூடுகிறது.

இனி, தாளில் இருந்த அந்த 640 என்ற எண்ணுக்கு வருவோம். 1937ஆம் ஆண்டு செக்கோஸ்லோவாக்கியா நாட்டு அறிஞர் விலேம் லாஃப்பர்கர், குதிரையின் மண்ணீரலிலிருந்து இரும்பு மிகுந்த ஒரு புரதத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். இரும்புக்கு லத்தீன் மொழியில் ஃபெர்ரம் என்று பெயர். அதையொட்டி அதற்கு ஃபெரிட்டின் என்று பெயரிட்டார். அது 24 துண்டுகள் கூடிய உருண்டைப் பெட்டி போன்றது; ஒரு பெட்டிக்குள் ஏறத்தாழ 4500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். இந்தப் பெட்டிகள் ஈரல் போன்ற உறுப்புகளுக்குள் இருக்கின்றன. இரத்தத்தில் மிகச் சிறிதளவே மிதக்கும். அச்சிறிதளவையும் அளக்கும் முறையை 1972இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகர ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னெல்லாம் சேமிப்பை அறிய எலும்பு மச்சையையோ ஈரலையோ குத்தி எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த எண்ணைச் சரியாகப் படிக்க, அக்காலத் தோட்டத்து அரிசி ஸ்டோரை எண்ணிப் பாருங்கள். ஸ்டோர் பூட்டியிருக்கிறது. வாசலில் சிந்திக் கிடக்கும் அரிசியைப் பார்த்தே உள்ளிருப்பை நாம் ஊகிக்க வேண்டும். ஒரு மணிகூடச் சிந்தவில்லை என்றால், உள்ளே மூட்டை இல்லை என்று துணிந்து சொல்லலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, நலமாக உள்ள பெரியவர் ஒருவருக்கு ஃபெரிட்டின் 15க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு என்று கொள்ள வேண்டும். ஆனால் வாசலில் அரிசி ஏராளமாகச் சிந்திக் கிடந்தால்? ஸ்டோர் நிரம்பி வழிவதாகவும் இருக்கலாம். மூட்டைகள் கிழிந்திருப்பதாகவும் இருக்கலாம். கொழுப்பு மண்டி அழற்சி கண்ட ஈரல், கிழிந்த மூட்டையைப் போன்றது. காய்ச்சல், தொற்று, மதுப்பழக்கம் ஆகியவையும் இந்த எண்ணை உயர்த்தும்.

நிரம்பி வழியும் ஸ்டோரும் உண்டு. 1865இல் பாரிஸ் மருத்துவர் ஆர்மான் துரூசோ, தோல் வெண்கல நிறமாகி, நீரிழிவும் ஈரல் சுருக்கமும் சேர்ந்து வந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். 1889இல் ஜெர்மானிய அறிஞர் ஃபான் ரெக்லிங்ஹௌசன் அந்நோய்க்குப் பெயர் கொடுத்தார். அது பரம்பரையாக வருவது. உணவிலிருந்து அளவுக்கு மீறி இரும்பை ஈர்ப்பதால் வருவது. வட ஐரோப்பியரிடையே மிகுதி. நோயாளியின் உடலிலிருந்து அவ்வப்போது இரத்தத்தை எடுப்பதே அதற்குச் சிகிச்சை.

ஃபிரான்சு நாட்டின் ரென் நகர மருத்துவர்கள் இப்பரம்பரை நோயில் பழுத்த அனுபவம் உள்ளவர்கள். 1997இல் அவர்கள் ஒரு புதுமையை வெளியிட்டார்கள். ஃபெரிட்டின் உயர்ந்திருந்த பலருக்கு அந்தப் பரம்பரை நோயின் அடையாளம் இல்லை. இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் என்ற மற்றொரு புரதத்தில் சுமை இயல்பாகவே இருந்தது. அரிசி ஏற்றும் வண்டிகள் அளவான பாரத்தோடுதான் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு உடற்பருமன், உயர்ந்த சர்க்கரை, உயர்ந்த கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. இவ்வாறு, தனித்தனியே வளர்ந்து வந்த இரும்பின் வரலாறு, இன்சுலினின் வரலாறு, கொழுப்பு ஈரலின் வரலாறு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்தன. பின்னர் 2000, 2001ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்ட ஹெப்சிடின் என்ற பொருள், இரும்பின் போக்குவரத்துக்கு ஈரலே காவலாளி என்பதைக் காட்டியது. அழற்சி வந்தால் ஹெப்சிடின் கூடி, இரும்பைச் சேமிப்பறைக்குள்ளேயே பூட்டி வைக்கிறது.

அப்படியானால் இரத்தத்தை எடுத்துவிட்டால் கொழுப்பு ஈரலும் குணமாகுமா? 2015இல் ஆஸ்திரேலியாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஃபெரிட்டின் இறங்கியது, ஈரலின் கொழுப்போ இன்சுலின் எதிர்ப்போ குறையவில்லை. அதே ஆண்டில் கியூபா நாட்டு ஆய்வு வேறொரு வழியைக் காட்டியது. 293 பேர் ஓராண்டுக் காலம் உணவைக் குறைத்து, உடலுழைப்பைக் கூட்டினார்கள். தம் எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைத்தவர்களில், பத்துக்கு ஒன்பது பேருக்கு ஈரல் அழற்சி மறைந்திருந்தது. அப்படிக் குறைத்தவர்கள் சிலரே. இருப்பினும் சற்றுக் குறைத்தவர்களும் நன்மை கண்டார்கள்.

இந்நோய் இன்று நம் வீடுகளுக்கு ஏன் வந்தது? உலகில் வளர்ந்தவர்களில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ மூவருக்குக் கொழுப்பு ஈரல் உண்டு என்று மதிப்பிடுகிறார்கள். மலேசியாவில் 2019இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், இந்திய வம்சாவளியினரில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. மற்ற இனத்தாரைவிட இது கூடுதல். விடியுமுன் எழுந்து நானூறு ஐந்நூறு மரங்களைச் சுற்றி வந்த கால்கள் இன்று நாற்காலியில் ஓய்கின்றன. ஆனால் தட்டில் வைக்கும் சோறு அன்றைய அளவிலேயே இருக்கிறது. அதற்கு மேல் டின்பால் ஊற்றிய தேநீர் நாளைக்கு நான்கு முறை. பிள்ளைகளுக்குப் போத்தல் பானம். வேலை மாறிவிட்டது, உணவு மாறவில்லை, இனிப்பு மட்டும் கூடிவிட்டது.

ஆகவே நேயர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது சில செய்திகளே. ஃபெரிட்டின் உயர்ந்திருந்தால் மகிழவும் வேண்டாம், நடுங்கவும் வேண்டாம். டிரான்ஸ்ஃபெரின் சுமையையும் சர்க்கரையையும் ஈரலையும் பார்த்தாயிற்றா என்று மருத்துவரிடம் பணிவோடு கேளுங்கள். அவர் சொல்லாமல் முருங்கைக்கீரையை நிறுத்த வேண்டாம். அவர் சொல்லாமல் இரும்பு டானிக்கும் குடிக்க வேண்டாம். இரத்தம் குறைவு என்று சொல்லப்பட்டவர்களும் காரணத்தைக் கேட்டறிய வேண்டும். இந்நாட்டில் தலசீமியா என்ற பரம்பரைக் குறை உள்ளவர்கள் பலர். அவர்களில் பலருக்கு இரத்தம் வெளுத்திருந்தாலும் இரும்பு குறைந்திருப்பதில்லை. இடுப்புச் சுற்றளவை ஒரு நூலால் அளந்து பாருங்கள். நம்மைப் போன்ற ஆசிய இனத்தாருக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டரும் பெண்களில் 80 சென்டிமீட்டரும் எல்லை. இனிப்புப் பானத்தை முதலில் குறையுங்கள், நாள்தோறும் நடங்கள். மெலிந்தவர்களுக்கும் இந்நோய் வருவதுண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று. 2023ஆம் ஆண்டு உலக ஈரல் மருத்துவர்கள் கூடி இந்நோயின் பெயரையே மாற்றினார்கள். பழைய ஆங்கிலப் பெயரில் மதுவைக் குறிக்கும் சொல்லும் கொழுப்பைக் குறிக்கும் சொல்லும் இருந்தன. அவை நோயாளிகளின் மனத்தைப் புண்படுத்துகின்றன என்பது ஒரு காரணம். உடலின் வளர்சிதை மாற்றக் கோளாற்றால் வரும் ஈரல் நோய் என்ற பொருளில் புதுப்பெயர் அமைந்தது. மருத்துவ உலகமே தன் பழைய பேச்சைத் திருத்திக்கொண்டது. நம் லயத்துத் திண்ணைப் பேச்சையும் நாம் திருத்திக்கொள்ளலாம் அல்லவா? பழிச்சொல்லுக்கு அஞ்சுகிறவர் தாளை மடித்து மறைத்து வைப்பார். மருத்துவரிடம் திரும்பப் போகமாட்டார். ஈரலோ வலிக்காது, பல ஆண்டுகள் ஓசையின்றிக் கெட்டு, சுருங்கிய பிறகுதான் குரல் கொடுக்கும்.

அந்தப் பெரியவர் மருத்துவரிடம் மீண்டும் சென்றார். மருமகளையும் உடன் அழைத்துச் சென்றார். வண்டியின் சுமை இயல்பாகவே இருந்தது. கிழிந்தது மூட்டைதான் என்று தெரிந்தது. இப்போது காலையில் பேரனைப் பள்ளிக்கு நடத்தியே அழைத்து வருகிறார். தேநீரில் டின்பால் இல்லை. 78 கிலோவாக இருந்த எடை 72க்கு இறங்கியிருக்கிறது. அண்மையில் எடுத்த ஃபெரிட்டின் 410. இன்னும் போக வேண்டிய தூரம் உண்டு. முருங்கைக்கீரை மறுபடியும் தட்டுக்கு வந்துவிட்டது. சென்ற மாதம் கோயில் கமிட்டிக் கூட்டத்திலும் அவரைக் கண்டோம். தாளை மடிக்காமல் பையில் வைத்திருந்தார்; கேட்டவர்களுக்கெல்லாம் காட்டி, அரிசி ஸ்டோர் கதையைத் தாமே சொல்லிக்கொண்டிருந்தார்.